அத்தை வீட்டு ஃப்ரிட்ஜும் ஆம்ஸ்டர்டாம் டின்களும்: டயட் பானம் எடையைக் கூட்டுமா?

கோவையில் இருக்கும் அத்தை போன வாரம் போன் போட்டார். நலம் விசாரிப்பதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஏங்கண்ணு, இந்த டயட் கோலா குடிச்சா உடம்பு எறங்குமா, ஏறுமா? டிவியில ஒருத்தன் ஏறும்ங்கறான். டாக்டரு பரவால்லைங்கறாரு. நீதான் இதையெல்லாம் படிச்சு எழுதறவனாச்சே, சொல்லு."

யாருக்காகக் கேட்கிறார் என்று கிண்டியதில் மூன்று பேர் வெளியே வந்தார்கள். ஒன்பது வயதுப் பேரன்: பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒரு இனிப்புப் பானம் கேட்பவன். மருமகள்: இதுவரை தண்ணீரும் மோரும் குடித்துக்கொண்டிருந்தவர், எடை குறைக்கலாம் என்று இப்போது டயட் கோலா வாங்கத் தொடங்கியிருக்கிறார். மூன்றாவது அத்தையேதான்: பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், காபியில் இனிப்பு மாத்திரை.

ஒரு வாரம் டைம் கேட்டேன். பதில் தெரியாமல் இல்லை. "ஏறுமா, இறங்குமா" என்ற கேள்வியிலேயே ஒரு பாதி காணாமல் போயிருக்கிறது: எதற்குப் பதிலாகக் குடித்தால்? அந்தப் பாதியை எடுத்துக்காட்ட நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முன், டிவிக்காரர் சொன்னது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

சான் ஆன்டோனியோவில் எண்ணியது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆன்டோனியோ என்று ஒரு நகரம். அங்கே 1979 முதல் 1988 வரை 5,158 பேரைச் சேர்த்து இதய நோய், நீரிழிவு பற்றிய நெடுநாள் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மீதி வெள்ளையர் என்று ஒரு கலவை. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அவர்களில் 3,682 பேரை மறுபடி பிடித்து எடை பார்த்தார்கள். அந்தத் தரவுகளை வைத்து ஷாரன் ஃபௌலரும் சகாக்களும் 2008-இல் எழுதிய கட்டுரைதான் "டயட் குடித்தால் குண்டாவீர்கள்" என்ற பேச்சுக்குப் பெரிய ஊற்று.

அவர்கள் கண்டது இது. தொடக்கத்தில் சரியான எடையோடு இருந்தவர்களில், சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி கலந்த பானங்களை வாரத்துக்கு 21-க்கு மேல் குடித்தவர்கள் எடை மிகுந்தவர்களாகும் வாய்ப்பு, அவற்றைத் தொடாதவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இனிப்பூட்டி பயன்படுத்தியவர்களின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) சராசரியாக 1.48 கூடியது, பயன்படுத்தாதவர்களுக்கு 1.01. வாரத்துக்கு 21 என்றால் மிரள வேண்டாம். இனிப்பூட்டி போட்ட காபி, டீயும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. நாளுக்கு மூன்று கோப்பைதான்.

எண்கள் பொய்யில்லை. ஆனால் மருந்துக்கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். தெருவில் போகிறவர்களை விட அங்கே நிற்பவர்களில் நோயாளிகள் அதிகம் இருப்பார்கள். அதற்காக மருந்துக்கடைதான் நோயைக் கொடுக்கிறது என்பீர்களா? இடுப்புப் பட்டையின் ஓட்டை ஒன்று வெளியே நகர்ந்த பிறகுதானே மனிதர் டயட் பக்கம் திரும்புகிறார். அப்பா குண்டு, அம்மா குண்டு, நாமும் அப்படி ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிறவரும் திரும்புவார். வயது, படிப்பு, உடற்பயிற்சி, தொடக்க எடை எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்க்கலாம். அந்தப் பயத்தைக் கழிக்கச் சூத்திரம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1979-இல் ஒருவர் குடித்த டயட் சோடாவில் இருந்தது சாக்கரின் என்ற பழைய இனிப்பூட்டி. டயட் கோக் கடைக்கு வந்தது 1982-இல். குளிர்பானங்களில் அஸ்பார்டேம் என்ற வேறொரு இனிப்பூட்டியைச் சேர்க்க அமெரிக்க அரசு அனுமதித்தது 1983-இல். ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோதே டின்னுக்குள் இருந்த சரக்கு மாறிவிட்டது. கேள்வித்தாளில் மட்டும் எல்லாம் ஒரே பெயர்.

ஒரே மாதிரி டின், இரண்டு மாதிரி சரக்கு

இப்போது ஆம்ஸ்டர்டாம். அங்குள்ள விரியே பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் காட்டன், யானே டி ராய்ட்டர் குழுவினர் செய்த சோதனை இது. 2012 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் பெரிய கோப்பையில் இனிப்புப் பானம் விற்பதைத் தடுக்க ஓட்டுப் போட்டுச் சரியாக எட்டு நாள் ஆகியிருந்தது. அந்தத் தடையை நீதிமன்றம் பிற்பாடு தூக்கிப் போட்டுவிட்டது. சோதனை மட்டும் நிலைத்துவிட்டது.

ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்திலுள்ள எட்டு ஆரம்பப் பள்ளிகளிலிருந்து 641 குழந்தைகள். வயது ஐந்தை எட்டும் தறுவாயில் இருந்து பன்னிரண்டை எட்டும் தறுவாய் வரை. பெரும்பாலும் சரியான எடை உள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் தினமும் 250 மில்லி டின் ஒன்று. பாதிப் பேருக்கு 26 கிராம் சர்க்கரை, 104 கலோரி. மீதிப் பேருக்குச் சர்க்கரையே இல்லை. சுக்ரலோஸும் அசிசல்ஃபேமும் கலந்து இனிப்பூட்டியது. டின் ஒன்று போல, சுவை ஒன்று போல. கடையில் கிடைக்கும் பானம் எதுவும் இல்லை. இதற்காகவே தனியாகச் செய்யவைத்தது. எந்தக் குழந்தைக்கு எந்த டின் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல முடிவு செய்தார்கள். குடித்த குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, எடை பார்த்தவருக்கும் தெரியாது.

பள்ளி நாட்களில் காலை இடைவேளையில் வகுப்பிலேயே குடிப்பார்கள், டீச்சர் பார்த்துக்கொள்வார். சனி, ஞாயிறுக்கு டின்கள் வீட்டுக்குப் போகும். உண்மையிலேயே குடிக்கிறார்களா, தொட்டியில் ஊற்றுகிறார்களா என்று பார்க்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சுக்ரலோஸ் உடலில் பெரும்பாலும் கரைந்து மாறாமல் அப்படியே வெளியேறும் பொருள். சிறுநீரில் தேடினால் தெரிந்துவிடும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நடக்கும் உணவு ஆய்வுகளைப் படித்துப் படித்து அலுத்துப்போன எனக்கு, இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்தக் குழுவுக்குக் கைகொடுக்கத் தோன்றியது.

"குழந்தைகளுக்கு ஒன்றரை வருடம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்களா, அடப்பாவிகளா!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஏற்கெனவே அப்படிப்பட்ட பானங்களைக் குடிக்கும் பழக்கம் இருந்த குழந்தைகளை மட்டுமே சேர்த்தார்கள். யாருக்கும் புதிதாக இனிப்பைப் பழக்கவில்லை. பாதிப் பேரிடமிருந்து அவர்களுக்கே தெரியாமல் சர்க்கரையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதினெட்டு மாதம் ஓடியது. குழந்தைகள் வளர்கிறவர்கள், எல்லோருக்கும் எடை கூடத்தான் செய்யும். சர்க்கரை டின் குடித்தவர்களுக்குச் சராசரியாக 7.37 கிலோ கூடியது. சர்க்கரையில்லா டின் குடித்தவர்களுக்கு 6.35 கிலோ. வித்தியாசம் ஒரு கிலோவும் சொச்சமும். எடை மட்டும் என்றால் சந்தேகப்படலாம். தோல் மடிப்பின் தடிமன், உயரத்தோடு ஒப்பிட்ட இடுப்பளவு, உடலில் சேர்ந்த கொழுப்பு என எல்லாமே அதே பக்கம்தான் சாய்ந்தன.

குறையும் உண்டு. நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். தினமும் அதே பானம், பதினெட்டு மாதம் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் சலிக்காது? நின்றவர்களில் பலரையும் கூப்பிட்டு எடை பார்த்திருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

சான் ஆன்டோனியோவில் டயட் குடித்தவர்கள் குண்டானார்கள். ஆம்ஸ்டர்டாமில் குடித்தவர்கள் ஒல்லியாக இருந்தார்கள். இரண்டுமே நேர்மையாக எண்ணிய எண்கள். ஆனால் டெக்சாஸில் மனிதர்களே டயட்டைத் தேடிப் போனார்கள். நெதர்லாந்தில் சீட்டு தேடி வந்தது. எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல முடிவது இரண்டாவதில் மட்டும்தான்.

காணாமல் போன ஆறு கிலோ

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

நாளுக்கு 104 கலோரி, பதினெட்டு மாதம் என்றால் சுமார் 540 நாள். பெருக்கினால் 56,000 கலோரி சொச்சம். ஜிம் சுவர்களில் ஒட்டியிருக்கும் பழைய வாய்ப்பாடு, 7,700 கலோரிக்கு ஒரு கிலோ என்கிறது. அப்படியானால் இரண்டு குழுவுக்கும் ஏழு கிலோ வித்தியாசம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்று. மீதி ஆறு எங்கே போயிற்று?

கொஞ்சம் வாய்ப்பாட்டின் தப்பு. எடை கூடிய உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூடுதலாகச் செலவழிக்கும். அதனால் வித்தியாசம் கோடு போல நேராக ஏறிக்கொண்டே போகாது, ஒரு கட்டத்தில் தட்டையாகும். கொஞ்சம், குடிக்காமல் விட்ட டின்கள். மீதி, உடம்பே சரிக்கட்டிக்கொண்டது. இடைவேளையில் 104 கலோரி கிடைக்காத பிள்ளை ராத்திரி சாப்பாட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொள்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை, அதற்கே தெரியவும் தெரியாது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவு சரிக்கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. 2016-இல் காட்டன் குழு, உடல் எடையைக் கணக்குப் போட்டுக் கணிக்கும் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் போன்றவர்களோடு சேர்ந்து, பழைய தரவுகளை மறுபடி அலசினார்கள். தொடக்கத்தில் பி.எம்.ஐ. குறைவாக இருந்த பாதிக் குழந்தைகள், இழந்த கலோரியில் 65 சதவீதத்தை வேறு வழியில் மீட்டுக்கொண்டிருந்தார்கள். பி.எம்.ஐ. அதிகமாக இருந்த பாதி, வெறும் 13 சதவீதத்தைத்தான். அதனால் ஒல்லிப் பாதியில் டயட் டின் தடுத்தது 0.62 கிலோ, குண்டுப் பாதியில் 1.53 கிலோ.

ஒல்லிப் பிள்ளையின் உடம்பு செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி: பைசா குறைந்தாலும் நோட்டில் ஏறிவிடும். மற்றப் பிள்ளையின் உடம்பு அவ்வளவு கறார் இல்லை. வந்தாலும் கவனிக்கவில்லை, போனாலும் தேடவில்லை. இதையே புரட்டிப் போட்டால், சர்க்கரை பானம் அதிகம் கெடுப்பதும் அந்த இரண்டாம் வகைப் பிள்ளையைத்தான். அதே குழந்தைகளிடம், குடித்தவுடன் வயிறு எவ்வளவு நிறைந்தது என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை டின்னுக்கும் சர்க்கரையில்லா டின்னுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 104 கலோரி உள்ளே போயும் வயிற்றுக்குச் சேதி எட்டவில்லை.

இதனால் இரண்டு கட்சிக்காரர்களுமே மூக்குடைபடுகிறார்கள். "கலோரியைக் குறைத்தால் கணக்குப்படி எடை இறங்கியே தீரும்" என்கிற ஜிம் மாஸ்டரும் சரியில்லை. "உடம்பை ஏமாற்ற முடியாது, எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும்" என்கிற இயற்கை வைத்தியரும் சரியில்லை.

தெரிந்து குடித்தால்?

ஆம்ஸ்டர்டாம் சோதனையின் பலமே அதன் ஓட்டையும்கூட. குழந்தைகளுக்குத் தெரியாமல் மாற்றினார்கள். வாழ்க்கையில் யாரும் தெரியாமல் டயட் குடிப்பதில்லை. "டயட்தானே குடித்தேன், அதனால் ஒரு பப்ஸ்" என்று பேக்கரியில் கணக்குத் தீர்ப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நானே அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாம் சோதனை வந்த அதே இதழில் வந்த இன்னொரு சோதனை இதைத் தொடுகிறது. பாஸ்டனில் 224 பதின்பருவத்தினர், எடை மிகுந்தவர்கள், தினமும் சர்க்கரை பானம் குடிப்பவர்கள். பாதிப் பேர் வீட்டுக்கு டயட் பானமும் தண்ணீரும் ஒரு வருடம் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதில் ஒளிவுமறைவு இல்லை, என்ன குடிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். வருட முடிவில் பி.எம்.ஐ. வித்தியாசம் 0.57, டயட் பக்கத்துக்குச் சாதகமாக. அப்புறம் வீட்டுக்கு வருவது நின்றது. இரண்டாம் வருட முடிவில் பார்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது.

ஆக, தெரிந்து குடித்தாலும் பலன் தலைகீழாகிவிடவில்லை. பப்ஸ் எல்லாவற்றையும் விழுங்கிவிடவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் வரைதான் பலன். வட கரோலினாவில் 318 பெரியவர்களை வைத்து ஆறு மாதம் நடந்த சோதனையில், சர்க்கரை பானத்துக்குப் பதில் டயட் குடித்தவர்களும் தண்ணீர் குடித்தவர்களும் தங்கள் எடையில் இரண்டு, இரண்டரை சதவீதம் குறைந்தார்கள். பானத்தைப் பற்றிப் பேசாமல் பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்ததால், பெருமைப்பட அதிகம் இல்லை.

தண்ணீரோடு மல்லுக்கு நிற்கும்போது

ஆம்ஸ்டர்டாமில் தண்ணீர்க் குழு கிடையாது. காரணம் எளிது: தண்ணீரை டின்னில் அடைத்துக் கொடுத்தாலும் முதல் வாயிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும், அதோடு ஒளிவுமறைவு போயிற்று. ஆனால் சனங்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: சர்க்கரையை விட டயட் மேல், சரி, தண்ணீரை விட?

இங்கே வந்ததும் காசு வாடை அடிக்க ஆரம்பிக்கிறது. கொலராடோவிலும் பிலடெல்பியாவிலும் 303 பேரை எடை குறைப்பு வகுப்பில் சேர்த்து ஒரு வருடம் பார்த்த சோதனையில் டயட் குழு 6.21 கிலோ குறைந்தது, தண்ணீர்க் குழு 2.45 கிலோதான். லிவர்பூலில் 493 பேரோடு நடந்ததில் டயட் குழு 7.5 கிலோ, தண்ணீர்க் குழு 6.1. இரண்டிலும் டயட்டுக்குத்தான் வெற்றி. இரண்டுக்கும் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பானச் சங்கம். ஈரானில் எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த பெண்களை வைத்து 24 வாரம் பார்த்ததில் தண்ணீர் முந்தியது: 8.8 கிலோவுக்கு 7.6.

பணம் கொடுத்ததாலேயே எண்களைத் திருத்திவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை, கேள்வியை அமைக்கும் விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். கொலராடோ சோதனையில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே டயட் பானம் குடித்துப் பழகியவர்கள். அவர்களில் பாதிப் பேரிடம் "இனி ஒரு வருடம் அதைத் தொடக்கூடாது, தண்ணீர்தான்" என்றார்கள். எடை குறைக்கும் காலத்தில், பசியோடு இருக்கிறபோது, நாக்குக்கு இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கினால் என்ன நடக்கும்? அந்தச் சோதனை அளந்தது டயட்டின் சக்தியை மட்டுமில்லை, பழகியதைப் பறித்ததன் விலையையும் சேர்த்துத்தான். தண்ணீர் குடித்துப் பழகியவரை டயட்டுக்கு மாற்றினால் இதே எண் வருமா? அது வேறு கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் சொன்னதும், செய்தியில் வந்ததும்

2023 மே 15-இல் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மறுநாளே "டயட் சோடா குண்டாக்கும்: உலக சுகாதார நிறுவனம்" என்று தலைப்புகள் பறந்தன. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

அந்தப் பரிந்துரைக்கு அடிப்படையான அலசலில் நம்முடைய இரண்டு ஊர்களும் பெரிய உருவத்தில் மறுபடி தலைகாட்டுகின்றன. ஆம்ஸ்டர்டாம் மாதிரி குலுக்கல் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் இனிப்பூட்டி பக்கம் எடை 0.71 கிலோ குறைவு. சான் ஆன்டோனியோ மாதிரி பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் உடற்பருமன் வரும் வாய்ப்பு 76 சதவீதம் அதிகம். குலுக்கல் சோதனைகள் பெரும்பாலும் சில வாரம், சில மாதம் ஓடுபவை. பின்தொடரும் ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் ஓடுபவை. குறுகிய காலப் பலன் நீடிக்கும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை, நீண்ட காலத்தில் நீரிழிவு, இதய நோய் பற்றிய சந்தேகம் தீரவில்லை, அதனால் எடைக்காக இதை நாட வேண்டாம் என்பது அவர்கள் நிலை. நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை என்று அவர்களே முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வரி எந்தத் தலைப்பிலும் என் கண்ணில் படவில்லை.

எச்சரிக்கையாக இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் மருந்துக்கடை வாசலில் எண்ணிய எண்ணுக்கு, சீட்டுக் குலுக்கிய எண்ணோடு சமமாகப் பாய் விரித்து உட்கார இடம் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை.

எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2008-இல் சாக்கரின் கலந்த தயிர் தின்ற எலிகள், குளுக்கோஸ் கலந்த தயிர் தின்ற எலிகளை விடக் கூடுதலாகத் தின்று எடை போட்டன. இனிப்பு வந்தால் கலோரி வரும் என்று உடம்பு பழகிய பழக்கம் குழம்பிப்போகிறது என்பது அவர்கள் விளக்கம். அதே பர்டூவில் 2019-இல் மனிதர்களிடம் பன்னிரண்டு வாரம் பார்த்தபோது, சர்க்கரை குடித்தவர்களுக்கு 1.85 கிலோ ஏறியது, சாக்கரின் குடித்தவர்களுக்கும் 1.18 கிலோ ஏறியது. அஸ்பார்டேம், ஸ்டீவியா செடியிலிருந்து எடுத்த இனிப்பூட்டி இரண்டிலும் குறிப்பிடும்படி மாற்றமில்லை. சுக்ரலோஸ் குழு மட்டும் கொஞ்சம் இளைத்தது. "செயற்கை இனிப்பூட்டி" என்று எல்லாவற்றையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டுவது தப்பு என்பதை அந்தச் சோதனையில் பார்த்தேன். சாக்கரின் செய்வதைச் சுக்ரலோஸ் தலையில் கட்டக்கூடாது.

மறுபடி கோவை

அத்தையைக் கூப்பிட்டேன். முதலில் அவர் காபி. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் சர்க்கரை நோயாளிகள் 179 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2024-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். பாதிப் பேர் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக்கொண்டார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் மாற்றமில்லை. எடை மட்டும் 0.3 கிலோ குறைந்தது, இடுப்பும் லேசாக இளைத்தது.

"முந்நூறு கிராமா?" என்றார் அத்தை. "ஒரு எலுமிச்சம்பழ ஊறுகா பாட்டில் அளவுகூட இல்ல."

"அது போதும்னு வெச்சுக்குங்க. நீங்க இனிப்பு மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி சர்க்கரைக்குப் போனாத்தான் தப்பு."

மருமகள் விஷயம் சுலபம். அவர் தண்ணீரையும் மோரையும் விட்டு டயட் கோலாவுக்கு வந்தவர். கழிக்கச் சர்க்கரையே இல்லாத இடத்தில் டயட் எதைக் கழிக்கும்? சர்க்கரை கோலா குடித்துக்கொண்டிருந்தவராக இருந்தால் மாறச் சொல்லியிருப்பேன். இவருக்கு அது வெறும் செலவு. இதைச் சொன்னதும் அத்தை குரலில் தெரிந்த திருப்தியை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

பேரன்தான் ஆம்ஸ்டர்டாம் பிள்ளை. ஒன்பது வயது, தினம் ஒரு இனிப்புப் பானம், அதுவும் கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. அந்த எட்டுப் பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் படித்திருந்தால் இவனையும் சேர்த்திருப்பார்கள். சர்க்கரை பானத்துக்கும் சர்க்கரையில்லாததுக்கும் நடுவில் மட்டும் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் இவனுக்கு இரண்டாவதுதான் நல்லது, ஒன்றரை வருடத்தில் ஒரு கிலோவோ ஒன்றரை கிலோவோ என்றேன்.

"நடுவுல மட்டும்னா? மோர் குடுத்தா?"

"மோர் குடுத்து அவங்க பாக்கலைங்கத்தை. பாக்கவும் முடியாது. பையனுக்குத் தெரியாம மாத்தித் தரணுமில்ல, அப்பத்தான் சோதனை."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் மிக்ஸி ஓடுவது கேட்டது.

"தெரியாம எதுக்குக் கண்ணு குடுக்கோணும்," என்றார். "பெருங்காயத்தக் கொஞ்சம் தூக்கலாப் போட்டா அவனே கேட்டு வாங்கிக் குடிக்கறான். பானம் வாங்கிக் குடுக்கறது அவங்க தாத்தா. மொதல்ல அவரைத்தான் நிறுத்தோணும்."